கலுங்கில் இரண்டு வரிசை

என் வீடு கண்மாய்க்குள் இருக்கிறது. கண்மாய்க் கரையில் இருக்கிறது என்றுதான் வெளியூர்க்காரர்களிடம் சொல்வேன், அதுதான் கேட்க மரியாதையாக இருக்கும். உண்மையில் உள்ளேதான் இருக்கிறது. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாயின் மேற்குப் பக்கம், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு மண் திட்டு உண்டு. நாற்பது சென்ட் வரும். என் அப்பா காலத்திலேயே அதற்குப் பட்டா இருந்தது. கண்மாய்க்குள் எப்படிப் பட்டா கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, வாங்கிய நாங்களும் வாயைத் திறக்கவில்லை. அரசாங்கத் திட்டத்தில் வீடு வந்தபோது அங்கேதான் கட்டினேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஆடு கட்டத் தகரக் கொட்டகை.

கண்மாய்க்குள் போய் வீடு கட்டுகிறானே கோட்டிக்காரன் என்று ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதில் தண்ணீர் நின்று பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. ஆடு உள்ளே போனால் தேடிப்பிடிக்க அரை நாள் ஆகும். அது கண்மாய்தான் என்பதற்கு அடையாளமாகக் கரையும் மடையும் கலுங்கும் மட்டும் நின்றன. கலுங்கு என்பது கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டியிருக்கும் கல் சுவர். எங்கள் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள்.

அந்த வருடம் சித்திரையில் என் மனைவிக்குக் கால் வீங்கியது. வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் அலைந்ததால் என்று நினைத்தோம். பிறகு முகமும் வீங்கியது. மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். மிஷின் சத்தம் லேசாக மாறினாலே எந்த பேரிங் போகிறது என்று சொல்லிவிடுவேன். ஒரே வீட்டில் இருந்தவளுக்கு இத்தனை நாளாக என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வரும்.

வாரம் மூன்று நாள் அருப்புக்கோட்டையில் டயாலிசிஸ் என்று ஆயிற்று. போகிற நாள் முழுக்க அதற்கே போய்விடும். திரும்பி வந்து துவைத்துப் போட்ட துணி மாதிரி படுத்துக்கிடப்பாள். அடுத்த நாள் கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்காருவதற்குள் மறுபடியும் கிளம்ப வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு சொல்லிவிட்டார்கள். காபி, ரசம், சோற்றில் இருக்கிற ஈரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர். சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அளவாக வைத்துக்கொண்டாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மிச்சத்தை எச்சிலை விழுங்கியே சமாளித்தாள்.

வேறு ஒரு வழியும் இருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னார். வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரைப் பையிலிருந்து உள்ளே இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்துவிட வேண்டும். வீட்டில் வைத்தே நாமே செய்யலாம். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போனால் போதும், தண்ணீரும் கொஞ்சம் கூடக் குடிக்கலாம். ஆனால் அதற்கென்று தனி அறை வேண்டும். தூசி விழக்கூடாது, சுவரில் டைல்ஸ் ஒட்டியிருக்க வேண்டும், உள்ளேயே கை கழுவும் தொட்டி வேண்டும், ஆடு கோழி எட்டிப் பார்க்கக்கூடாது. வயிற்றுக்குள் கிருமி போனால் ஆளே போய்விடும். தண்ணீர் கூடக் குடிக்கலாம் என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எம்புட்டுக் குடிக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டாள். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

அப்படித்தான் வீட்டை ஒட்டி வடக்குப் பக்கம் ஓர் அறை எடுக்க ஆரம்பித்தோம். ஆவணியில் அஸ்திவாரம். நரிக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணே என்பார், அவளை மதினி என்பார். அவளும் சும்மா இருக்கமாட்டாள். கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் செங்கல் கோணல், இந்த மூலை பிசகு என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். மதினி நாலு வருசம் முன்னாடியே சித்தாளா வந்திருந்தா நான் மேஸ்திரி ஆகியிருப்பேன் என்பார் அவர். புரட்டாசி முடிவதற்குள் சுவர் தலைக்குமேல் வந்துவிட்டது. கூரையும் பூச்சும் டைல்ஸும்தான் பாக்கி.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் விட்டு விட்டுப் பெய்தது. பிறகு ஒருநாள் குண்டாற்றிலிருந்து வரும் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று போன் வந்தது. ஊரே கரைக்கு ஓடியது. நானும் ஓடினேன். செம்மண் நிறத்தில், குப்பையும் பிளாஸ்டிக்கும் செத்த கோழியுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்தான் அப்போது கண்மாய்ச் சங்கத்துக்குத் தலைவர். அவன் வேட்டியோடு கால்வாயில் இறங்கிப் படுத்தே விட்டான். எங்கள் ஊரில் நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்போம். கடைசி இரண்டு தண்ணீர் கண்மாயிலிருந்து கிடைத்தால்தான் கதிர் முற்றும். அந்த இரண்டு தண்ணீர் இல்லாமல் வருடா வருடம் மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்கள் நாங்கள். எனக்கும் ஒன்றரை ஏக்கர் இருந்தது.

ஐந்தாம் நாள் தண்ணீர் கலுங்கைத் தொட்டது. இனி வருவதெல்லாம் வழிந்து போகும். அப்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. சாக்கில் மண்ணை அள்ளிக் கட்டி, கலுங்கின் தலையில் வரிசையாக அடுக்கி, இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்திக்கொள்வது. அதிகாரிகள் பார்த்தால் திட்டுவார்கள். அதையும் வாங்கிக்கொண்டு அடுக்குவோம். தண்ணீர் கண்ணெதிரே வழிந்து போவதை எங்கள் ஊர்க்காரன் எவனாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைத்தவன் நான்தான். வீட்டிலிருந்த காலி சிமெண்டுச் சாக்கு அத்தனையையும் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். இரண்டு வரிசை, ஒன்றரை அடிக்குக் குறையாது.

மட்டம் பார்க்கத் தெரிந்தவன் நான். மில்லில் அதுதான் என் வேலை. கலுங்கில் ஒன்றரை அடி ஏறினால் என் வீட்டுப் பாதையில் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அன்றைக்கு அந்தப் புத்தி வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது, திட்டையும் ரோட்டையும் சேர்க்கிற இருநூறு தப்படிப் பாதை முழங்கால் அளவு தண்ணீருக்குள் இருந்தது. அடுத்த நாள் இடுப்பு. அதற்கு அடுத்த நாள் பள்ளமான இடத்தில் நெஞ்சைத் தொட்டது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் வீடு, கட்டி முடிக்காத அறை, ஆறு ஆடு, நாங்கள் இரண்டு பேர்.

லாரி டியூப் இரண்டு வாங்கிக் காற்றடித்து, மேலே சென்ட்ரிங் பலகையைக் கட்டி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டினேன். அதுதான் எங்கள் படகு. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் விடிந்ததும் அவளை அதில் உட்கார வைத்து, நான் தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். தரை கரிசல், காலை இழுக்கும். ஊசி போடுகிற இடது கை நனையக்கூடாது என்று அவள் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருப்பாள். ரோட்டில் நிற்பவர்களுக்கு யாருக்கோ கை காட்டுவது போலத் தெரியும். அவர்களும் கை காட்டுவார்கள். அக்கரையில் வண்டியை விட்டிருப்பேன், அங்கிருந்து பஸ் நிறுத்தம், பிறகு அருப்புக்கோட்டை. திரும்பி வரும்போது அவளுக்கு உட்காரவும் தெம்பு இருக்காது. நாற்காலியோடு சேர்த்து என் துண்டால் கட்டித்தான் தள்ளிவருவேன்.

கொத்தனார் நல்ல மனிதர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. தினமும் நனைந்து வந்து போக முடியாது என்று ஒன்பது நாள் திட்டிலேயே தங்கினார். ராமேஸ்வரம் போகணும்னு நேர்ந்திருந்தேன், சாமி இங்கயே தீவைக் காட்டிருச்சு என்றார். தகரக் கூரை ஷீட்டுகளை டியூபில் ஏற்றி இழுத்து வந்தபோது காற்று தூக்கி, ஷீட்டும் அவரும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தார்கள். சிமெண்டு ஈரம் குடித்துக் கட்டிப்போனது, இரண்டு மூட்டையை உடைத்து எறிந்தோம். கண்மாய்க்குள் வாழ்ந்த பாம்பு, தேள், பூரான் எல்லாவற்றுக்கும் மேடு என்று மிஞ்சியது எங்கள் திட்டு மட்டும்தான். டைல்ஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. அடித்தோம். அன்றிலிருந்து கொத்தனார் சாரத்துப் பலகை மேலேறித்தான் படுத்தார்.

அவளுக்கு அந்தத் தண்ணீர்தான் பெரிய தண்டனை. முன்பெல்லாம் தாகம் எடுத்தால் வறண்டு கிடக்கிற கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது எந்தச் சன்னலைத் திறந்தாலும் தண்ணீர். படுத்திருந்தால் அலை சுவரோரம் தட்டுகிற சத்தம் கேட்கும். ஒருநாள் நான் ஆட்டுக்குத் தழை கட்டிவிட்டு வந்தபோது, விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தாள். குடித்தாயா என்று அதட்டினேன். நான் அப்படித்தான், பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். குடிக்கவில்லை, சும்மா தொட்டுப் பார்த்தேன் என்றாள். அவள் உதட்டைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செங்கல் சூளைக்காரர் ஊருக்குள் வந்தார். டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம், எங்கள் கண்மாயை ஒட்டிச் சூளை போட்டிருந்தார். மூட்டை அடுக்கியதால் தண்ணீர் ஏறி அவர் அறுத்துச் சுடாமல் வைத்திருந்த பச்சைக் கல் பாதி கரைந்துவிட்டது. மேல் வரிசையை மட்டுமாவது எடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். தலைவன் யோசித்தான். நான் யோசிக்கவில்லை. தண்ணிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்த ஊரு, ஒரு ஆளுக்காக ஒரு சொட்டு வெளியே போகாது, எவன் மூட்டையில் கை வைக்கிறான் பார்ப்போம் என்று கூட்டத்தில் கத்தினேன். எல்லோரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அவர் கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக அவளிடம் சொன்னேன்.

கார்த்திகை பாதியில் அறை முடிந்தது. வெள்ளை டைல்ஸ், தூசி விழாமல் மேலே பிவிசி சீலிங், வாஷ்பேசின், கொசுவலை அடித்த சன்னல், இடைவெளி இல்லாமல் சாத்துகிற கதவு. கொத்தனார் போகும்போது கைகழுவும் தொட்டியில் குழாயைத் திருப்பிக் காட்டி, மதினி, உங்களுக்கு இனி எல்லாம் நல்லாருக்கும் என்றார். அவள் வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போகவில்லை. செருப்புக் கால் பட்டு அழுக்காகிவிடும், முதலில் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பார்த்துச் சரி சொல்லட்டும் என்றாள்.

நர்ஸ் மதுரையிலிருந்து வந்தார். ரோட்டோரம் நின்று தண்ணீரைப் பார்த்தார், எங்கள் டியூபைப் பார்த்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நான் ஏறச் சொன்னேன், பயந்துகொண்டே ஏறியும் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யாரும் கட்டியதில்லை என்றார். ஆனால் மருந்துப் பைகள் மாதா மாதம் வேனில் பெட்டி பெட்டியாக வரும், அவை நனையக்கூடாது, வேன் வாசலுக்கு வர வேண்டும். வயிற்றில் குழாயை வைத்துவிட்டு இந்தத் தண்ணீரில் போக வர இருந்தால் கிருமி பிடிக்கும். தண்ணீர் வடியட்டும், பாதை தெரிந்த மறுநாளே போன் பண்ணுங்கள், அந்த வாரமே ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் எப்போது வடியும்? மூட்டை இருக்கிறபடி இருந்தால் மாசி. மூட்டையை எடுத்து மடையையும் கொஞ்சம் திறந்தால் மார்கழி பாதியில் வேன் வரும். இதுவும் நான் போட்ட கணக்குதான். அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளும் இந்த ஊரில் வாக்கப்பட்டு வந்து இருபத்தைந்து வருடம் கலுங்கைப் பார்த்தவள். அன்றைக்குச் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து, மூன்றாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, அந்த ரெண்டு வரிசைய எடுத்துட்டாப் போதும்ல?"

"ஊரு வயித்துல மண்ணப் போடச் சொல்றியா?" என்றேன்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. டம்ளரில் இருந்ததைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு ஓய்ந்திருப்பேன். ஒன்றும் பேசாமல் இருந்ததுதான் என்னைக் குடைந்தது. இரண்டு நாள் கழித்து, நாளைக்குப் போய்த் தலைவனிடம் கேட்கிறேன் என்று நானே சொன்னேன். அவள் காலையில் எழுந்து எனக்குச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

போனேன். டீக்கடையில் தலைவன் இருந்தான், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நெல் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிற நேரம். எல்லோருக்கும் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வீட்டுச் சோறு என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவனுக்கு வயல் கடைமடையில், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தில். கண்மாய் கொஞ்சம் இறங்கினாலும் முதலில் காய்வது அவன் பயிர்தான். என்னைப் பார்த்ததும், ஏலே, வா, வீட்டுல எப்படி இருக்கு என்று கேட்டான். இருக்கு என்றேன். டீ வாங்கிக் கொடுத்தான். யூரியா எங்கே கிடைக்கிறது என்று பேசினார்கள், நானும் பேசினேன். சூளைக்காரரைக் கூட்டத்தில் வைத்து நான் விரட்டியது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதே வாயால் இப்போது என்னவென்று கேட்பது? இரண்டு டீ குடித்தேன். கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அவள் திட்டின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் டியூபை விட்டு இறங்குவதற்குள், கேட்டீகளா, என்ன சொன்னாக என்றாள்.

"கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க."

எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. சொன்ன பிறகு அதைத் திருத்த எனக்கு முழுதாக இருபத்தோரு நாள் இருந்தது. திருத்தவில்லை. நான் கேட்கவில்லை என்பதைவிட ஊர் மறுத்துவிட்டது என்பது அவளுக்கு லேசாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குத்தான் லேசாக இருந்தது.

அவள் அழவில்லை. அன்றிலிருந்து ஊரை வெட்டிவிட்டாள். டியூபில் போகும்போது கரையில் நிற்கிற பெண்கள், எப்படிக்கா இருக்கு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி உப்பில்லாமல் இட்லி அவித்து டியூபில் கொடுத்து அனுப்பினாள். அதைத் தொடாமல் ஆட்டுக்கு வைத்தாள். இருபத்தைந்து வருடம் அவர்களோடு களை எடுத்தவள். திருப்பூரில் இருக்கிற எங்கள் மகளிடம் போனில் சொல்வது என் காதில் விழுந்தது. நான் சாகட்டும்னு விட்டுட்டாக ஆத்தா, நெல்லு பெருசாப் போச்சு என்றாள். நான் கொட்டகைப் பக்கம் போய் ஆட்டைக் கட்டி அவிழ்த்துக்கொண்டு நின்றேன்.

மார்கழியில் புயல் சின்னம் என்றார்கள். மூன்று நாள் காற்றும் மழையும் விடவில்லை. முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். அவளை நாற்காலியில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். பத்துத் தப்படி போவதற்குள் அலை தூக்கி டியூப் சாய்ந்தது. திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே பாடாகிவிட்டது. நாளைக்குப் போகலாம் என்றேன். நாளைக்கும் அப்படியே இருந்தது. பழைய வீட்டில் ஒழுகியதால் அவளைப் புது அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல அறை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. காற்றுச் சத்தம்கூட உள்ளே அதிகம் கேட்கவில்லை. டைல்ஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது.

மூன்றாம் நாள் காலையில் முகம் ஊதி, பேச்சு திக்கியது. 108-க்குப் போன் செய்தேன். வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. தலைவனுக்கும் போன் செய்தேன். அவனும் நாலு பேரும் அந்தக் காற்றில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தார்கள். அவர்களை ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் திட்டில் கால் வைக்கும்போது அவள் தண்ணீர் கேட்டாள். டம்ளரில் இல்லாமல் செம்போடு கொடுத்தேன். இரண்டு மடக்கு உள்ளே போனது, மிச்சம் கழுத்தில் வழிந்தது. தலைவன் ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்து நின்றான். அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள். அப்படித் திரும்பியது திரும்பியபடியே போய்விட்டாள்.

மத்தியானம் மழை விட்டது. உடம்பை எப்படிக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. டியூபில் வைத்துத் தள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஒப்பவில்லை. அனாதைப் பிணம் மாதிரி தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுபோவது நம் வழக்கத்தில் இல்லை, நாலு பேர் தோளில் நடந்து போக வேண்டும் என்றார்கள். தலைவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்களையும் கேட்கவில்லை. போனை எடுத்து ஊருக்குப் பேசினான். கலுங்குல மூட்டை பூராத்தையும் உருவுங்கலே, மடையையும் தெறந்து விடுங்க, காலையில பாதை தெரியணும் என்று சொல்லிவிட்டு வைத்தான். அவ்வளவுதான். கூட்டம் கூடவில்லை, யாரும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் கலுங்குப் பக்கமிருந்து தண்ணீர் விழுகிற இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. பொழுது சாயும்வரை அதைக் கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தபோது பாதையில் முழங்காலுக்குத்தான் தண்ணீர் இருந்தது. என் மகள் அதில் நடந்தே வந்தாள். வருகிற வழியில் கலுங்கைப் பார்த்திருக்கிறாள். கீழே உருண்டு கிடந்த சாக்குகளையும் பார்த்திருக்கிறாள். அம்மாவின்மேல் விழுந்து அழுது முடித்து, எழுந்து வெளியே வந்தாள். தலைவன் மூங்கிலை வைத்துப் பாடை கட்டிக்கொண்டிருந்தான். அவன் எதிரே போய் நின்றாள்.

"மாமா, எங்கம்மா உசுரோட இருக்கையில எங்கப்பா வந்து கேட்டாகள்ல. மாட்டேன்னீகளாம்ல. இப்ப மட்டும் எதுக்கு எடுத்தீக?"

அவன் கையில் கயிறு இருந்தது. ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கே முப்பது பேர் இருந்தார்கள். டீக்கடையில் அன்றைக்கு என்னோடு உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். ஒருவர் வாயைத் திறக்கப் போனார். தலைவன் அவரைக் கையமர்த்தினான்.

"தப்புத்தாம்மா," என்றான். "எங்க புத்திக்கு எட்டல. அன்னைக்கே எடுத்திருக்கணும்."

சொல்லிவிட்டுக் குனிந்து கயிற்றை இறுக்கினான். முன்பக்கத் தோளும் அவன்தான் கொடுத்தான். முழங்கால் தண்ணீரில், ஓரிடத்திலும் சாயாமல், அவளை மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். என் அழுகைக்கு எல்லோரும் ஒரு காரணம் நினைத்திருப்பார்கள்.

அந்தத் தை மாதம் கடைமடை வயல்கள் காய்ந்தன. தலைவனுடைய நெல் முழுக்க மணி பிடிக்காமல் சாவியாகப் போயிற்று, மாட்டுக்கு அறுத்துப் போட்டான். எனக்கு மேல்மடை, எனக்கு விளைந்தது. ஒருநாள் அவன் களத்தில் தனியாக இருந்தபோது போய் நின்று, அன்னைக்கு டீக்கடையில் என்று ஆரம்பித்தேன். விடுலே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். என் மகள் வருடத்துக்கு ஒருமுறை அம்மாவுக்குத் திதி கொடுக்க வருகிறாள். அவன் எதிரே வந்தால் காறித் துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அவன் ஓரமாக ஒதுங்கி வழி விடுவான். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.